பிளாட்பாரத்தில் சைக்கிள்: ஓட்டலாமா, உருட்டணுமா?

மாலை ஐந்தரை மணி. பள்ளி விட்ட நேரம். பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன், அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் வீட்டுக்குத் திரும்புகிறான். பஸ் ஸ்டாப்பில் ஒரு பஸ் நிற்கிறது. அதன் பின்னால் இரண்டு ஷேர் ஆட்டோ, அதற்கும் பின்னால் ஒரு தண்ணீர் லாரி. ஹாரன் சத்தம் காதைப் பிளக்கிறது. பயந்துபோய் சைக்கிளை பிளாட்பாரத்தில் ஏற்றிவிடுகிறான். அங்கே ரேஷன் பையோடு ஒரு பாட்டி மெதுவாக நடந்து போகிறார். அவன் பெல் அடிக்கிறான். பாட்டி திடுக்கிட்டு, ஒதுங்குவதாக நினைத்து, அவன் வருகிற பக்கமே நகர்கிறார். அடுத்த நொடி இரண்டு பேரும் கீழே. அரிசி சிதறிக் கிடக்கிறது. பையன் எழுந்துவிட்டான், பாட்டியால் எழ முடியவில்லை.

கூட்டம் கூடுகிறது. "பிளாட்பாரத்துல எதுக்குடா ஏறுன?" என்று ஆளாளுக்குத் திட்டுகிறார்கள். அவன் அழுதுகொண்டே கேட்கிறான்: "ரோட்டுல போனா வண்டிக்காரங்க இடிக்கிறாங்க. இங்க வந்தா பாட்டி மேல இடிச்சிடுச்சு. நான் எங்கண்ணே போறது?"

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் உங்க தெருவில் இதே மாதிரி ஒன்றை நீங்களும் பார்த்திருப்பீங்க. அந்தப் பையன் கேட்ட கேள்வி நியாயமானது. அதற்கான பதிலைத்தான் இந்த மாதம் ஒரு பாடமாகப் படிக்கப் போகிறோம்.

முதலில், யாருக்கு எந்த இடம்?

வெளியே பார்த்தால் எல்லாமே 'ஓரமா இருக்கிற பாதை' மாதிரிதான் தெரியும். உண்மையில் மூன்று வகை உண்டு.

1. சாலையோர நடைபாதை: நாம் பிளாட்பாரம் என்று சொல்வது இதைத்தான். இது நடப்பவர்களுக்காகக் கட்டப்பட்டது. சக்கர நாற்காலியில் வருபவரும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுபவரும் 'நடப்பவர்' கணக்கில்தான் வருவார்கள். சைக்கிளில் இருந்து இறங்கி உருட்டிக்கொண்டு போகிறவரும் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டால் நீங்கள் வண்டி ஓட்டுபவர். உங்கள் இடம் சாலையின் இடது ஓரம்.

2. சைக்கிள் பாதை: நீல நிற வட்டத்துக்குள் வெள்ளை நிற சைக்கிள் படம் போட்ட பலகை இருந்தால் அது சைக்கிளுக்கென்றே ஒதுக்கிய பாதை. அங்கே நடப்பவர்கள்தான் விலகிப் போக வேண்டும்.

3. பொதுப் பாதை: ஏரிக்கரை, குளக்கரை, பூங்கா, கடற்கரை ஓரம் போன்ற இடங்களில் இருக்கும் பாதை. கோவை உக்கடம் பெரியகுளக் கரையில் காலையில் போய்ப் பாருங்க, எல்லா வயதினரும் அங்கே இருப்பார்கள். இப்படிப்பட்ட இடங்களில் சைக்கிளுக்கு அனுமதி உண்டா, எந்த நேரத்தில் என்பதை நுழைவாயிலில் உள்ள அறிவிப்புப் பலகைதான் சொல்லும். சிவப்பு வட்டத்துக்குள் சைக்கிள் படம், குறுக்கே ஒரு கோடு இருந்தால் சைக்கிள் கூடாது என்று அர்த்தம்.

பலகையே இல்லை என்றால்? நடப்பவருக்குத்தான் முன்னுரிமை என்று எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் இறங்கி உருட்டுங்கள். இந்தப் பாடத்தில் ஒரே ஒரு வரி மட்டும் மனதில் நின்றால் போதும் என்றால், அது இதுதான்.

ஏன் இவ்வளவு கறார்? ஒரு சின்னக் கணக்கு

"சைக்கிள்தானே, என்ன பெருசா ஆயிடப் போகுது?" என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சாதாரணமாக ஒருவர் சைக்கிள் ஓட்டும் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு வினாடிக்கு 4 மீட்டருக்கும் மேல். எதிரே ஆள் வருவதைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி ஆகிவிடும். அதற்குள் சைக்கிள் 4 மீட்டர் தாண்டிவிடும். பிரேக் பிடித்த பிறகும், காய்ந்த தரையில்கூட, இன்னும் 2 முதல் 3 மீட்டர் ஓடித்தான் நிற்கும். மொத்தம் 6, 7 மீட்டர் ஆகிறது. ஒரு காரும் அதன் பின்னால் பாதிக் காரும் நிற்கிற நீளம்!

பிளாட்பாரத்தில் அவ்வளவு தூரம் முன்கூட்டியே தெரியுமா? வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு ஒரு குழந்தை ஓடிவந்தால், உங்களுக்கும் அதற்கும் நடுவே இருப்பது ஒன்று அல்லது இரண்டு மீட்டர்தான். நடக்கும் வேகத்தில், அதாவது மணிக்கு 5 கிலோமீட்டரில் போனால், அதே சைக்கிளை 2 மீட்டருக்குள் நிறுத்திவிடலாம்.

அடுத்து அகலக் கணக்கு. நடப்பவர்களுக்கான வசதிகள் பற்றி இந்திய சாலைக் காங்கிரஸ் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 103 என்ற வழிகாட்டு நெறிகளின்படி, நடைபாதையில் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். ஒரு சைக்கிளின் ஹேண்டில் அகலம் சுமார் 60 சென்டிமீட்டர். ஓட்டும்போது இரண்டு பக்கமும் கொஞ்சம் ஆடும் என்பதால் கிட்டத்தட்ட 1 மீட்டரை அது எடுத்துக்கொள்ளும். மிச்சம் 80 சென்டிமீட்டர். சக்கர நாற்காலியில் வருபவர் நிம்மதியாகப் போக சுமார் 90 சென்டிமீட்டர் தேவை. விதிப்படி கட்டிய நடைபாதையிலேயே இந்த நிலைமை என்றால், பாதி இடத்தை மின்பெட்டியும் கடைப் பலகையும் பிடித்துக்கொண்ட பாதையில் என்ன ஆகும்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சைக்கிள் சத்தம் போடாத வண்டி. பின்னால் வருவது காது மந்தமான பெரியவருக்கும் தெரியாது, இயர்போன் மாட்டிய இளைஞருக்கும் தெரியாது. பார்வை இல்லாதவர்கள் மஞ்சள் ஓடுகளைக் காலாலும் கோலாலும் தொட்டு உணர்ந்து நடக்கிறார்கள். நீளக் கோடுகள் போட்ட ஓடு 'நேராகப் போகலாம்' என்கிறது. புள்ளிகள் போட்ட ஓடு 'நில், கவனி' என்கிறது. அந்த ஓட்டின் மேல் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்துவது, அவர்கள் வழியில் ஒரு சுவர் எழுப்புவதற்குச் சமம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனங்களைப் பொறுத்தவரை குழப்பமே இல்லை. 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி நடைபாதையில் பைக், ஸ்கூட்டர் ஓட்டுவதும் தவறு, நிறுத்துவதும் தவறு. "டிராபிக் ஜாம்ங்க, ரெண்டு நிமிஷம்தான்" என்பதெல்லாம் செல்லாது.

சைக்கிள் மோட்டார் வாகனம் இல்லை. அதனால் லைசென்ஸ், பதிவு எண், இன்சூரன்ஸ் எதுவும் தேவையில்லை. மோட்டார் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், எடை வரம்புக்குள்ளும் இருக்கும் மின்சார சைக்கிளுக்கும் இந்தச் சலுகை உண்டு. ஆனால் லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காகப் பொறுப்பும் வேண்டாம் என்று ஆகிவிடாது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவைப் பாருங்கள். பொது வழியில் பிறர் உயிருக்கு ஆபத்து ஏற்படும்படி கண்மூடித்தனமாக எந்த வண்டியை ஓட்டினாலும் பிரிவு 281 பொருந்தும்: 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கவனக்குறைவால் ஒருவருக்குக் கொடுங்காயம் ஏற்பட்டால் பிரிவு 125 வரும். எலும்பு முறிவு கொடுங்காயம் என்ற கணக்கில்தான் வருகிறது. அதற்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஓட்டியவர் 18 வயதுக்குக் கீழ் என்றால், சிறார் நீதிச் சட்டத்தின்படி விஷயம் கையாளப்படும்.

பலரும் யோசிக்காத பணக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. கார் இடித்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தரும். சைக்கிள் இடித்தால் அந்த வழி கிடையாது. சிவில் நீதிமன்றம் போகணும், இல்லை என்றால் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசணும். பாட்டியின் இடுப்பு எலும்பு ஆபரேஷன் செலவு பாட்டி வீட்டுக்கும் பாரம், பையன் வீட்டுக்கும் பாரம்.

அதே நேரம் நடப்பவரின் உரிமையும் உறுதியாக இருக்கிறது. தடையில்லாத, மாற்றுத் திறனாளிகளும் பயன்படுத்தக்கூடிய நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சென்னை மாநகராட்சி 2014லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமான தனிப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. 2019 நவம்பரில் தி.நகர் பாண்டி பஜாரில் திறக்கப்பட்ட அகலமான நடைபாதை வளாகம், நடப்பவருக்கு இடம் கொடுத்தால் ஒரு கடைத்தெரு எப்படி இருக்கும் என்பதற்குக் கண் முன்னே உள்ள உதாரணம்.

மோதல் நடக்கும் ஐந்து இடங்கள்

எங்கே விபத்து நடக்கும் என்று தெரிந்தாலே பாதி விபத்தைத் தவிர்க்கலாம்.

1. பஸ் ஸ்டாப்: பஸ்ஸில் இருந்து இறங்குபவர் இடது பக்கம் பார்க்காமல்தான் இறங்குவார். நிற்கும் பஸ்ஸின் இடது பக்கமாக சைக்கிளில் நுழையவே கூடாது. பஸ்ஸுக்குப் பின்னால் காத்திருங்கள். அவசரம் என்றால் இறங்கி, பிளாட்பாரத்தில் உருட்டிக்கொண்டு தாண்டுங்கள்.

2. வீட்டு கேட், கடை வாசல்: உள்ளே இருந்து வருபவருக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்கும் அவரைத் தெரியாது.

3. தெரு முனை: சுவர் மறைக்கும். நடப்பவர் திரும்பும் அதே நொடியில் சைக்கிளும் திரும்பும்.

4. சரிவு: வண்டிகள் வீட்டுக்குள் ஏறி இறங்கப் போட்ட சரிவுகளில் சக்கரம் வழுக்கும். மழை பெய்து ஓடு ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

5. நடைப்பயிற்சிப் பாதையின் வளைவு: நாலு பேர் பேசிக்கொண்டே வரிசையாக நடப்பார்கள். பின்னால் ஒரு சிறுவன் ரேஸ் ஓட்டிக்கொண்டு வருவான். இரண்டு பக்கமும் தவறுதான்.

சைக்கிள் ஓட்டுபவரா நீங்க?

• பெல்லை 10 மீட்டர் முன்னாலேயே ஒரு முறை மென்மையாக அடியுங்கள். முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் ஆள் பதறித்தான் போவார். "அம்மா, வலது பக்கமா வரேன்" என்று வாயால் சொல்வது பெல்லைவிட நல்லது.

• அவர் ஒதுங்கவில்லை என்றால் நீங்கள் நில்லுங்கள். காது கேட்காதவராக இருக்கலாம்.

• ஹேண்டிலில் டிபன் பை, தண்ணீர் பாட்டில் மாட்டாதீர்கள். பை முன்சக்கரத்தில் சிக்கினால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். துப்பட்டா, சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

• டபுள்ஸ் போகும்போது பிரேக் சரியாகப் பிடிக்காது, ஹேண்டிலும் ஆடும்.

• இரவில் முன்னால் ஒரு விளக்கு, பின்னால் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் இருந்தால் லாரிக்காரருக்கும் நீங்கள் தெரிவீர்கள்.

நடப்பவரா நீங்க?

• பொதுப் பாதையில் இடது பக்கமாக, இரண்டு பேருக்கு மேல் வரிசை போடாமல் நடங்கள்.

• ஒரு காதையாவது திறந்து வையுங்கள். இரண்டிலும் இயர்போன் வேண்டாம்.

• பெல் சத்தம் கேட்டால் சட்டென்று பக்கவாட்டில் தாவாதீர்கள். அதே கோட்டில் நடந்துகொண்டே திரும்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் போவது என்று ஓட்டுபவர் முடிவு செய்துகொள்வார்.

• நாயைக் கூட்டிப் போனால் கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள். பாதையின் குறுக்கே நீளும் கயிறு சைக்கிள்காரர் கண்ணுக்குத் தெரியாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இப்போதுதான் ஓட்டப் பழகும் சின்னக் குழந்தையைப் பரபரப்பான சாலையில் விட முடியாது, உண்மைதான். ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், மைதானத்திலோ உள்தெருவிலோ, நீங்கள் கூடவே நடந்து பழக்குங்கள். வளர்ந்த பிள்ளைக்கு "பிளாட்பாரத்துல போயிடு" என்று சொல்லி அனுப்பாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளி வரை அவனோடு போய்வாருங்கள். எந்த இடத்தில் இறங்கி உருட்டணும், எந்த உள்தெருவில் திரும்பினால் லாரி வராது என்று சேர்ந்து முடிவு செய்யுங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகலாம், ஆகட்டும்.

இடித்துவிட்டால் என்ன செய்வது?

ஓடிப் போகாதீர்கள். இதுதான் முதல் பாடம். விழுந்தவரைப் போட்டுவிட்டு ஓடுவது சின்ன தவறைப் பெரிய குற்றமாக மாற்றிவிடும்.

வயதானவர் விழுந்து இடுப்பு வலிக்கிறது என்றால் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தப் பார்க்காதீர்கள். ஒரு கால் குட்டையாகவும் வெளிப்பக்கம் திரும்பியும் தெரிந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். அப்படியே படுக்க வைத்து, 108க்கு அழையுங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்க வேண்டாம். தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், அறிகுறி இல்லாவிட்டாலும் காட்டிவிடுங்கள்.

ஓட்டிய பிள்ளையையும் கவனியுங்கள். கீழே விழும்போது ஹேண்டில் முனை வயிற்றில் குத்தியிருந்தால் வெளியே ஒரு சிராய்ப்புதான் தெரியும். உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ அடிபட்டிருக்கலாம். சில மணி நேரம் கழித்து வயிற்று வலி, வாந்தி, மயக்கம் வந்தால் தாமதிக்கக் கூடாது. திட்டு வாங்கிய பிள்ளை பயத்தில் வலியை மறைக்கும். அதனால் முதலில் அடி பட்டிருக்கிறதா என்று பாருங்கள், திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்தில் நின்று உதவுகிறவர் "போலீஸ், கோர்ட்டுன்னு அலைய விடுவாங்களோ" என்று பயப்பட வேண்டாம். சாலை விபத்தில் சிக்கியவருக்கு உதவுபவரைப் பெயர், முகவரி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்ற வழிகாட்டுதல்களை 2016ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.

செலவுக்கு: சாலை விபத்தில் காயமடைந்தவர்களுக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாமல் சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் கையில் எடுத்துப் போங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் இரண்டைப் பற்றியும் கேளுங்கள். இழப்பீடு குறித்து இரண்டு வீட்டாருக்கும் ஒத்துவரவில்லை என்றால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100.

இப்போ போனை எடுங்க

அந்தப் பையன் பிளாட்பாரத்தில் ஏறியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. சாலையின் இடது ஓரத்தில் ஒரு பள்ளம், அதன் பக்கத்தில் கொட்டிய கட்டடக் கழிவு. அவன் போக வேண்டிய இடத்தில் வழியே இல்லை. இதைச் சரிசெய்ய நம்மால் முடிந்தது ஒரு புகார்.

• சென்னை என்றால் 1913, அல்லது 'நம்ம சென்னை' செயலி. மற்ற ஊர்களில் உங்கள் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சி அலுவலகம். எங்கிருந்தாலும் முதல்வரின் உதவி மையம் 1100.

• நெடுஞ்சாலைத் துறைச் சாலையில் பள்ளம் என்றால் 'நம்ம சாலை' செயலியில் போட்டோவோடு பதியலாம்.

• இரண்டு போட்டோ எடுங்கள்: ஒன்று தடையை அருகிலிருந்து, இன்னொன்று பக்கத்தில் உள்ள கடை அல்லது கோயில் தெரியும்படி தள்ளி நின்று. லொகேஷனை ஆன் செய்து எடுங்கள். தெருவிளக்குக் கம்பத்து எண் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

• "ரோடு மோசம்" என்று எழுதினால் யாருக்கும் புரியாது. "பள்ளி வாசலில் இருந்து பஸ் ஸ்டாப் வரை இடது ஓரத்தில் கட்டடக் கழிவு, மாணவர்கள் சைக்கிளை நடைபாதையில் ஏற்றுகிறார்கள்" என்று எழுதினால் யார் வந்து எதைச் செய்ய வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

• புகார் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'முடிக்கப்பட்டது' என்று செய்தி வந்தால் நேரில் போய்ப் பாருங்கள். வேலை நடக்கவில்லை என்றால் அதே எண்ணைச் சொல்லி மறுபடி கேளுங்கள்.

• பிளாட்பாரத்தில் ஓட்டும் பிள்ளைகளின் முகத்தை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். அதனால் எந்தப் பாதையும் சரியாகாது.

ஒரு சின்ன டெஸ்ட்

கேள்வி 1: ஆள் கூட்டமான பிளாட்பாரத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகலாமா?
பதில்: போகலாம். நடப்பவருக்கு வழிவிட்டு, சைக்கிளைச் சாலைப் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி 2: லைசென்ஸ் தேவைப்படாத மின்சார சைக்கிளை பிளாட்பாரத்தில் ஓட்டலாமா?
பதில்: கூடாது. அது சாதாரண சைக்கிளைவிட எடை அதிகம், இடித்தால் அடியும் அதிகம்.

கேள்வி 3: சைக்கிள் பாதையில் நடைப்பயிற்சி போகலாமா?
பதில்: பக்கத்தில் நடைபாதை இருக்கும்போது வேண்டாம். உங்கள் இடத்தை அவர்களிடம் கேட்கும் நீங்கள், அவர்கள் இடத்தையும் விட்டுக்கொடுங்கள்.

சரி, "நான் எங்கண்ணே போறது?" என்ற கேள்விக்கு வருவோம். தம்பி, நீ போக வேண்டியது சாலையின் இடது ஓரம். பஸ் நின்றால் பின்னால் நில். வழியே இல்லை என்றால் இறங்கி, பிளாட்பாரத்தில் உருட்டிக்கொண்டு போ. பாட்டிக்குப் பின்னால், பாட்டியின் வேகத்தில். அந்த இடது ஓரத்தை உனக்குக் காலியாக வைத்துத் தருவது பெரியவர்களான எங்கள் வேலை. அதை நாங்கள் இன்னும் முழுதாகச் செய்து முடிக்கவில்லை.

வாசகர்களே, நாளைக் காலை உங்கள் தெருவில் இருந்து பக்கத்துப் பள்ளி வரை ஒருமுறை நடந்து பாருங்கள். சைக்கிள் எங்கே பிளாட்பாரத்தில் ஏறுகிறது என்று கவனியுங்கள். அங்கேதான் உங்கள் முதல் போட்டோ.